சைலசின் 2% ஊசி: கன்றுகளுக்கு வாங்கலாமா, எந்த அளவு வரை போடலாம்?

கொம்புக் குருத்து சுடுவது, தொப்புள் குடலிறக்கத்தைத் தைப்பது, முறிந்த காலுக்கு மாவுக்கட்டு போடுவது என்று கன்றைக் கிடத்தியாக வேண்டிய எந்த வேலையானாலும் கால்நடை மருத்துவரின் பையிலிருந்து முதலில் வெளியே வருவது, தூக்க மயக்கம் தரும் சைலசின் குப்பிதான். விலை குறைவு, குளிர்பெட்டி வேண்டாம், தசையில் போட்டாலே வேலை செய்யும். 40 கிலோ கன்றுக்கு 0.2 மி.லி. போதும் என்பதால் 10 மி.லி. மருந்து ஐம்பது கன்றுகளுக்கு வரும். இந்த வசதிகளையெல்லாம் தாண்டி, ஆறு மாதத்துக்கு உட்பட்ட கன்றின் இதயத்தையும் ரத்த ஓட்டத்தையும் இந்த மருந்து என்ன செய்கிறது என்பதை வைத்துத்தான் இங்கே மதிப்பிடுகிறோம்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். கிலோவுக்கு 0.05 முதல் 0.1 மி.கி. வரை, கூடவே முறையான மரப்பு ஊசி என்றால் இதற்கு ஈடான மருந்து களத்தில் இல்லை. அதே குப்பியின் துண்டுச்சீட்டில் அச்சிட்டிருக்கும் 0.2, 0.3 மி.கி. அளவுகளைக் கன்றுக்குப் போடுவதானால் வாங்காமல் இருப்பதே நல்லது.

குப்பியில் இருப்பது

ஒரு மி.லி.யில் 20 மி.கி. சைலசின். ஹைட்ரோகுளோரைடு உப்பாகக் கணக்கிட்டால் 23.3 மி.கி. என்று வரும். சில லேபிள்களில் ஒரு எண், சிலவற்றில் மற்றொன்று பெரிதாக அச்சாகியிருக்கும். இரண்டும் ஒரே வலிமைதான். உண்மையான ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. குதிரைக்கென்று மி.லி.க்கு 100 மி.கி. வலிமையிலும் சைலசின் உண்டு. அதை 2% என்று நினைத்து 0.2 மி.லி. எடுத்தால் 40 கிலோ கன்றுக்கு கிலோவுக்கு 0.5 மி.கி. போய்ச் சேரும். குதிரை சிரையில் கிலோவுக்கு 1.1 மி.கி.யைத் தாங்கும். மாட்டுக்கு அதில் பத்தில் ஒரு பங்கே போதும். அசைபோடும் இனங்களுக்கு இந்த மருந்து அவ்வளவு ஏறும். குதிரையும் மாடும் வரும் மருத்துவமனைகளில் இந்த இரண்டு குப்பிகளும் ஒரே அலமாரியில் இருக்கவே கூடாது.

1962இல் ஜெர்மனியின் பேயர் நிறுவனத்தில் உருவான மருந்து இது. மனிதர்களின் ரத்த அழுத்தத்தைக் குறைக்கப் பயன்படுமா என்றுதான் முதலில் ஆராய்ந்தார்கள். அழுத்தம் அளவுக்கு மீறி இறங்கியதாலும் மயக்கம் தட்டியதாலும் அந்த வழி மூடப்பட்டு, விலங்குகளுக்கு வந்து சேர்ந்தது. மயக்கம் தருவதற்காகப் போடும் மருந்தின் உடம்பிலேயே ரத்த அழுத்த வேலை ஒளிந்திருக்கிறது என்பதை ஊசியைக் கையில் எடுக்கும்போது நினைவில் வைப்பது நல்லது.

கன்றின் இதயம் ஏன் தனி

வளர்ந்த மாட்டின் இதயம் நிமிடத்துக்கு 60 முதல் 80 முறை துடிக்கும். பிறந்த சில நாள் கன்றுக்கு அது 120ஐத் தாண்டும். இரண்டு மூன்று மாதத்தில் 90, 110 என்று இறங்கி வரும். இந்த வேகம் அலங்காரத்துக்கு இல்லை. இளங்கன்றின் இதயத் தசை விறைப்பானது, விரிந்து கொடுக்காது. ஒரு துடிப்புக்கு வெளியேறும் ரத்தத்தின் அளவைப் பெரிதாகக் கூட்ட அதனால் முடியாது. பெரிய மாட்டில் துடிப்பு குறைந்தால் அடுத்த துடிப்புக்குள் இதயம் அதிகம் நிரம்பி, ஓரளவு ஈடுகட்டும். கன்றில் அந்த ஈடுகட்டல் மிகக் குறைவு. 110 துடிப்பு 66 ஆக இறங்கி, ஒரு துடிப்பின் அளவு அப்படியே நின்றால், உடம்புக்குப் போகும் ரத்தத்தில் 40% குறைந்துவிட்டது என்று அர்த்தம்.

இதனோடு இன்னும் இரண்டு பலவீனங்கள் சேரும். அழுத்தம் இறங்கினால் உடனே துடிப்பைக் கூட்டும் அனிச்சைச் செயல் முதல் வாரங்களில் முழுதாக முதிர்ந்திருக்காது. இதயத்தை மெதுவாக்கும் வேகஸ் நரம்பின் கை அந்த வயதில் ஓங்கியிருப்பதால் குடலை இழுத்தாலும், தொப்புள்கொடித் தண்டைப் பிடித்து இழுத்தாலும், தொண்டையில் குழாய் நுழைத்தாலும் துடிப்பு சட்டென்று விழும். சைலசின் ஏற்கெனவே மெதுவாக்கிவைத்த இதயத்தில் இப்படி ஒரு இழுப்பு விழுந்தால் சில நொடிகள் துடிப்பே கேட்காமல் போகலாம். கையை எடுத்தால் திரும்பிவரும். அறுவை மருத்துவருக்குக் கன்றின் தலைமாட்டில் காது வைத்திருக்க ஓர் ஆள் வேண்டும் என்பது இதனால்தான்.

மாட்டினத்தின் நுரையீரல் ரத்தக் குழாய்களும் தனி ரகம். பிராணவாயு குறைந்தால் அவை மற்ற விலங்குகளைவிடப் பலமாகச் சுருங்கும். சைலசின் போட்ட கன்று மெதுவாக மூச்சுவிட்டு, மல்லாந்து கிடந்து, ரத்தத்தில் பிராணவாயு குறையும்போது நுரையீரலுக்குள் அழுத்தம் ஏறி வலப்பக்க இதயம் திணறும். பிறந்து ஒரு வாரம்கூட ஆகாத குட்டியில் கருவறைக் காலத்து இதயத் திறப்புகள் இறுகி மூடியிருக்காது. அந்த அழுத்தத்தில் ரத்தம் நுரையீரலுக்குப் போகாமலே குறுக்கு வழியில் கடந்துவிடவும் கூடும்.

ஊசி போட்ட பிறகு நடப்பது

சிரையில் போட்டால் இரண்டு கட்டம் தெளிவாகத் தெரியும். முதல் சில நிமிடங்களில் மருந்து ரத்தக் குழாய்ச் சுவரில் உள்ள ஆல்ஃபா-2 ஏற்பிகளைப் பிடித்து அவற்றைச் சுருக்கும். அழுத்தம் ஏறும், அந்த ஏற்றத்தைச் சமாளிக்க இதயம் தானே துடிப்பைக் குறைத்துக்கொள்ளும். ஈறு வெளுக்கும். பிறகு மருந்து மூளைத்தண்டில் வேலையைத் தொடங்கி, உடம்பை விழிப்பாக வைக்கும் பரிவு நரம்புகளின் வரத்தைக் குறைக்கும். அழுத்தம் இயல்புக்கும் கீழே இறங்கி அங்கேயே நிற்கும். துடிப்பும் குறைவாகவே இருக்கும். சில கன்றுகளில் மேலறைத் துடிப்பு கீழறைக்குப் போய்ச் சேராமல் இடையிடையே ஒரு துடிப்பு விடுபடும். ஸ்டெதஸ்கோப்பில் ‘லப்-டப், லப்-டப், மௌனம்’ என்று அது கேட்கும்.

தசையில் போட்டால் முதல் கட்டத்து அழுத்த ஏற்றம் மழுங்கிவிடும்; இறக்கம் மட்டும் மெதுவாக வரும். கன்றுக்குத் தசை ஊசியையே முதல் தேர்வாகச் சொல்வதற்கு இது ஒரு காரணம். இன்னொரு காரணம் கழுத்தில் இருக்கிறது. கன்றின் கழுத்துச் சிரைக்குப் பக்கத்திலேயே மூளைக்குப் போகும் தமனி ஓடுகிறது. துள்ளும் கன்றில் ஊசி அந்தத் தமனிக்குள் போய்விட்டால் மருந்து நீர்த்துப்போகாமல் நேராக மூளைக்குப் போகும். ஊசியை வெளியே எடுப்பதற்குள் வலிப்பு வந்து கன்று விழும். சிரையில்தான் போட வேண்டுமென்றால் முதலில் கேனுலா (சிரையில் தங்கும் மெல்லிய குழாய்) குத்தி, ரத்தம் இருண்ட நிறத்தில் மெதுவாகச் சொட்டுகிறதா, பளிச்சென்று துள்ளி வருகிறதா என்று பார்த்து, மருந்தை உப்புநீரில் 2 மி.லி. ஆக்கி ஒன்றிரண்டு நிமிடத்தில் செலுத்த வேண்டும்.

அளவு: பிழையின் பெரும்பகுதி இங்கேதான்

துண்டுச்சீட்டில் 100 கிலோவுக்கு 0.25, 0.5, 1, 1.5 மி.லி. என்று நான்கு படி கொடுத்திருக்கும். கிலோவுக்கு 0.05, 0.1, 0.2, 0.3 மி.கி. என்பதே அதன் பொருள். பெரிய மாட்டை மனத்தில் வைத்து எழுதிய படிகள் அவை. கன்றுக்கு முதல் இரண்டு படியோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். மூன்றாம், நான்காம் படியில் வலிமரப்பு சற்றே கூடும். அதற்கு விலையாகத் துடிப்பு, அழுத்தம், பிராணவாயு மூன்றும் இறங்கும், மயக்கம் மணிக்கணக்கில் நீளும். அந்தக் கூடுதல் வலிமரப்பை லிக்னோகெயின் என்ற மரப்பு ஊசி மிக மலிவாகக் கொடுத்துவிடும் என்னும்போது இந்த வியாபாரத்தில் லாபமே இல்லை.

எடையைக் கண்ணால் மதிப்பிடுவது அடுத்த கோளாறு. கலப்பினக் கன்றைப் பார்த்து ‘அம்பது கிலோ இருக்கும்’ என்பார்கள். தராசில் 34 காட்டும். அங்குல நாடா இருந்தால் மார்புச் சுற்றளவை அதே எண்ணால் பெருக்கி, அதை உடல் நீளத்தால் பெருக்கி, 660ஆல் வகுத்தால் கிலோ கிடைக்கும். சுற்றளவு 30, நீளம் 26 என்றால் 35 கிலோவைச் சற்றே தாண்டும். இந்தக் கன்றுக்கு 0.1 மி.கி. வீதம் 3.5 மி.கி., அதாவது 0.17 மி.லி.

0.17 மி.லி.யை 5 மி.லி. சிரிஞ்சில் எடுப்பவர் மருந்து போடவில்லை, குலுக்கல் நடத்துகிறார். 1 மி.லி. சிரிஞ்சு வேண்டும். இன்சுலின் சிரிஞ்சு என்றால் அதன் கோடுகள் யூனிட் கணக்கில் இருக்கும் என்பதை மறக்கக் கூடாது. 100 யூனிட் சிரிஞ்சில் 17 யூனிட் என்பது 0.17 மி.லி. சாதாரண சிரிஞ்சின் நுனியிலும் ஊசியின் கழுத்திலும் தங்கும் மருந்து கன்றின் அளவில் அலட்சியப்படுத்தும் தொகையில்லை. சைலசினை எடுத்து, அதே ஊசியோடு அதே சிரிஞ்சில் இன்னொரு மருந்தையும் இழுத்தால், கழுத்தில் தங்கியிருந்த சைலசினும் சேர்ந்து உள்ளே போய்விடும். நினைத்தது 0.1, போனது 0.15 என்றாகும். பேசாமல் 1 மி.லி. மருந்தோடு 9 மி.லி. உப்புநீர் கலந்து மி.லி.க்கு 2 மி.கி. ஆக்கிக்கொள்வது எளிது, இந்தக் கன்றுக்கு 1.75 மி.லி. என்று நிம்மதியாக அளக்கலாம். நீர்த்ததை அன்றே தீர்க்க வேண்டும், சிரிஞ்சில் பெயர் எழுதி ஒட்ட வேண்டும்.

இனமும் கணக்கில் வரும். திமில் உள்ள இந்திய வகை மாடுகள் ஐரோப்பிய இனங்களைவிட இந்த மருந்துக்குச் சீக்கிரம் சாய்பவை. பிராமன் இனத்தில் இது நன்கு தெரிந்த விஷயம். காங்கேயம், உம்பளாச்சேரிக் கன்றுகளுக்கு 0.05இல் தொடங்குவதே விவேகம். அதுவே பெரும்பாலும் போதும்.

பிறகு, காத்திருப்பது. தசையில் போட்ட ஊசி பத்து, பதினைந்து நிமிடம் எடுத்துக்கொள்ளும். அந்த நேரத்தில் நாலு பேர் சூழ்ந்து நின்று, கயிறு இழுத்து, நாய் குரைத்து, தாய் மாடு கத்திக்கொண்டிருந்தால் கன்றின் உடம்பில் அட்ரினலின் பொங்கி மருந்தை எதிர்க்கும். ‘இன்னும் நிக்குதே, இன்னொரு ஊசி போடுங்க சார்’ என்பார் மாட்டுக்காரர். இரண்டாவது ஊசியும் போய், கூட்டம் அடங்கி, அட்ரினலின் வடிந்ததும் இரண்டு ஊசியும் ஒன்றாக வேலை செய்யத் தொடங்கும். சைலசினால் கன்று செத்தது என்று சொல்லப்படும் கதைகளில் பல இந்த இடத்தில் தொடங்குபவை. ஊசி போட்டதும் கண்ணில் துணி கட்டி, நிழலில் தனியே விட்டுவிட வேண்டும்.

போடவே கூடாத கன்றுகள்

கழிச்சலால் வற்றிப்போன கன்று முதலில் வரும். ரத்தத்தின் அளவு குறைந்து, அமிலத்தன்மை ஏறி, செல்லுக்குள் இருக்க வேண்டிய பொட்டாசியம் ரத்தத்துக்கு வெளியேறியிருக்கும். அந்தப் பொட்டாசியமே இதயத்தை மெதுவாக்கும். இசிஜி எடுத்தால் மேலறை அலை மறைந்து, ‘டி’ அலை கூராக உயர்ந்து நிற்கும். கண் உள்ளே போய், வாய் குளிர்ந்து, இவ்வளவு நோயிலும் துடிப்பு 80க்குக் கீழே இருக்கும் இளங்கன்றைப் பார்த்தால் ‘பரவாயில்லை, இதயம் சீராக இருக்கிறது’ என்று நினைத்துவிடக் கூடாது. அது அபாய அறிகுறி. அந்த இதயத்தின் மேல் சைலசினை ஏற்றுவது நேராக நிறுத்தத்தில் கொண்டுபோய் விடும். முதலில் சிரைவழி நீர், சோடியம் பைகார்பனேட், குளுக்கோஸ், அறுவை அப்புறம். காத்திருக்க முடியாத வேலை என்றால் மரப்பு ஊசி மட்டும்.

சிறுநீர் அடைப்புள்ள காளைக் கன்றுக்கும் கூடாது. இந்த மருந்து சிறுநீரை அதிகமாகச் சுரக்க வைக்கும். அடைபட்ட பையில் அது எங்கே போகும்? பட்டினியில் குளிர்ந்து கிடக்கும் பிறந்த குட்டி, நிமோனியாவில் மூச்சிரைக்கும் கன்று, இதயத்தில் முணுமுணுப்பு கேட்கும் கன்று எல்லாம் அடுத்த வரிசை. வெயிலும் ஒரு நோய் மாதிரிதான்: சைலசின் போட்ட உடம்பு தன் வெப்பத்தைத் தானே சீர்செய்யாது. சித்திரை வெயிலில் வெட்டவெளியில் கிடத்தினால் சுடும். மார்கழி அதிகாலையில் சிமென்ட் தரையில் கிடத்தினால் உறையும்.

கூட்டுச் சேர்க்கும் மருந்துகள்

சைலசின் தூக்கத்தை ஒரு மணி நேரத்துக்கு மேலும் கொடுக்கும்; வலிமரப்பை அரை மணிக்குள் பெரும்பாலும் முடித்துக்கொள்ளும். கன்று தூங்குகிறது என்பதற்காக வலிக்காமல் இருக்கிறது என்று கொள்ள முடியாது. எனவே லிக்னோகெயின் கட்டாயம். கொம்புக் குருத்துக்கு, கண்ணின் வெளி ஓரத்துக்கும் கொம்படிக்கும் நடுவில், நெற்றி எலும்பின் விளிம்புக்குக் கீழே, பக்கத்துக்கு 3 முதல் 5 மி.லி. போட்டு, பத்து நிமிடம் விட்டுச் சுடலாம். இதற்கும் இதயக் கணக்கு உண்டு: கிலோவுக்கு 5 மி.கி.யைத் தாண்டக் கூடாது. 40 கிலோ கன்றுக்கு 2% மருந்தில் 10 மி.லி.யே உச்சம், இரண்டு பக்கமும் ஐந்தைந்து போட்டாலே எல்லை வந்துவிட்டது. தொப்புள் வளையத்தைச் சுற்றிப் போட அதிகம் தேவைப்படும் என்பதால் பாதிக்குப் பாதி உப்புநீர் கலந்து 1% ஆக்கி 20 மி.லி. வைத்துக்கொள்ள வேண்டும். தாண்டினால் முதலில் தசைத் துடிப்பும் வலிப்பும், பிறகு அழுத்தச் சரிவும் வரும்.

இடுப்பும் திரிக எலும்பும் சேரும் இடத்தில் தண்டுவட உறைக்கு வெளியே போடும் மரப்பு ஊசி, தொப்புள் அறுவைக்கு அருமையானது. ஆனால் மருந்து முன்னோக்கிப் பரவும்போது அந்தப் பகுதியின் பரிவு நரம்புகளும் மரத்துப்போய், பின்னுடம்பின் ரத்தக் குழாய்கள் விரியும், அழுத்தம் இறங்கும். சைலசினும் இறக்குகிறது, இதுவும் இறக்குகிறது. சிரையில் நீர் ஓடிக்கொண்டிருக்காமல் இதைத் தொடங்கக் கூடாது.

கெட்டமின் என்ற மயக்க மருந்துதான் நல்ல ஜோடி. சைலசின் 0.1 மி.கி. போட்டுக் கன்று சாய்ந்த பின் கிலோவுக்கு 2 மி.கி. கெட்டமின் சிரையில், 50 கிலோவுக்கு, மி.லி.க்கு 50 மி.கி. உள்ள குப்பியில் 2 மி.லி. பத்து, பதினைந்து நிமிட முழு மயக்கம் கிடைக்கும். கெட்டமின் பரிவு நரம்புகளைத் தூண்டித் துடிப்பையும் அழுத்தத்தையும் ஏற்றுவதால் சைலசினின் இறக்கத்தை ஓரளவு சமன்செய்யும். கவனிக்க வேண்டியது, அந்த ஏற்றம் கன்றின் சொந்த அட்ரினலின் இருப்பிலிருந்து வருகிறது. நாள்கணக்காக நோயில் கிடந்து இருப்புத் தீர்ந்த கன்றில், இதயத் தசையை நேராகத் தளர்த்தும் கெட்டமினின் மறுமுகம்தான் வெளியே வரும். கடும் கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட எக்ஸ் அட்டவணை மருந்து என்பதால் பூட்டும் பதிவேடும் வேண்டும். களத்தில் இதன் தட்டுப்பாட்டுக்குக் காரணம் அதுவே.

டயாசிபாம், மிடாசோலம் என்ற அமைதிப்படுத்தும் மருந்துகள் இரண்டும் கன்றின் இதயத்தைக் கிட்டத்தட்டத் தொடுவதே இல்லை. கிலோவுக்கு 0.1 முதல் 0.2 மி.கி. சிரையில் போட்டால் இரண்டு வாரத்துக்கு உட்பட்ட குட்டி அமைதியாகப் படுத்துவிடும். நோய்ப்பட்ட குட்டிக்குச் சைலசினை விட்டுவிட்டு இதையும் கெட்டமினையும் மரப்பு ஊசியையும் சேர்ப்பதே எங்கள் பரிந்துரை. தனியாக வலிமரப்புத் தராது, வளர்ந்த கன்றுக்குத் தனியாகப் போதவும் போதாது. டயாசிபாமை வேகமாகத் தள்ளக் கூடாது. அதைக் கரைத்திருக்கும் புரோப்பிலீன் கிளைகாலே அழுத்தத்தை இறக்கும். மிடாசோலத்தில் அந்தத் தொல்லை இல்லை.

புரோப்போஃபால் அழகான மருந்து, மென்மையான விழிப்பு. ஆனால் முன்மருந்து இல்லாமல் கிலோவுக்கு 5 மி.கி. என்றால் 50 கிலோவுக்கு 25 மி.லி.; ரத்தக் குழாய்களை விரித்து அழுத்தத்தை இறக்கும், வேகமாகச் செலுத்தினால் மூச்சு நிற்கும். மூச்சுக்குழாயும் பிராணவாயுவும் இல்லாத இடத்தில் தொடக் கூடாது. தயோபென்டோனை இளங்கன்றுக்கு இன்று பரிந்துரைக்கக் காரணமே இல்லை: விழிப்பு இழுக்கும், சிரைக்கு வெளியே கசிந்தால் தசை அழுகும்.

ஒரு மணி நேரத்தைத் தாண்டும் அறுவை என்றால், மூச்சுவழி கொடுக்கும் மயக்க வாயுவான ஐசோஃப்ளூரேன்தான். சைலசினைத் திரும்பத் திரும்பப் போட்டு நீட்டுவதைவிட இது எவ்வளவோ மேல். 40 முதல் 60 கிலோ கன்றுக்கு 10 முதல் 12 மி.மீ. மூச்சுக்குழாய் போகும். இதயத் தசையைப் பெரிதாகத் தளர்த்தாது. ரத்தக் குழாய்களை விரித்துத்தான் அழுத்தத்தை இறக்கும், அதுவும் வாயுக் கருவியின் திருகைத் திறக்கும் அளவுக்கு ஏற்ப. ஆகவே அழுத்தம் சரிந்தால் முதல் வேலை திருகைக் குறைப்பது. முன்னால் சைலசின் போட்டிருந்தால் வாயுவின் தேவையே கணிசமாகக் குறையும். அதை மறந்து வழக்கமான அளவில் திறந்துவைப்பதுதான் சரிவுக்கு வழக்கமான காரணம்.

கண்காணிப்பு

ஸ்டெதஸ்கோப்பைக் கன்றின் இடது முழங்கைக்கு உள்ளே வைத்து, ஊசிக்கு முன்னால் ஒரு முறை எண்ணி எழுதிவைக்க வேண்டும். பிறகு ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை. முன்னால் எண்ணாதவருக்குப் பின்னால் வரும் எண் எதையும் சொல்லாது. நாடியைக் காதின் பின்புறத் தமனியிலோ தொடையின் உள்பக்கத்திலோ தொட்டுப் பார்க்கலாம். சைலசின் வேலை செய்யும்போது காது நாடி மெலியும், தொடை நாடி நம்பகமானது. ஈறு வெளுப்பு முதல் கட்டத்தில் இயல்பு. அமுக்கிவிட்டால் இரண்டு நொடிக்குள் நிறம் திரும்ப வேண்டும். நீலம் பாய்ந்தால் அது எந்தக் கட்டத்திலும் இயல்பு இல்லை.

நாக்கில் மாட்டும் பல்ஸ் ஆக்ஸிமீட்டர் 85 என்று காட்டினால் உடனே பதற வேண்டாம். சுருங்கிய குழாய்களில் அது பொய்யும் சொல்லும். இடத்தை மாற்றி, நாக்கை ஈரப்படுத்தி மறுபடி பாருங்கள். துடிப்பு எண் ஸ்டெதஸ்கோப்போடு ஒத்துப்போகாதவரை அந்தச் சதவீதத்துக்கு மதிப்பில்லை. ஒத்துப்போய், எண்ணும் குறைவாகவே இருந்தால் மூக்கில் குழாய் விட்டு நிமிடத்துக்கு 5 லிட்டர் பிராணவாயு. அழுத்தமானி இருந்தால் பட்டையின் அகலம் காலின் அல்லது வாலின் சுற்றளவில் 40% இருக்க வேண்டும். சிறிய பட்டை அழுத்தத்தை ஏற்றிக்காட்டி ஏமாற்றும். சராசரி அழுத்தம் 60க்குக் கீழே போக விடக் கூடாது.

வயிறும் இதயத்தைப் பாதிக்கும். சைலசின் ரூமன் (அசைபோடும் விலங்கின் பெரிய முதல் வயிறு) அசைவை நிறுத்துவதால் காற்று சேரும். உப்பிய வயிறு உதரவிதானத்தைத் தள்ளி, இதயத்துக்குத் திரும்பும் பெருஞ்சிரையை நசுக்கும். மல்லாந்த நிலையில் இது இரட்டிப்பாகும். புல் தின்னும் கன்றுக்குப் பன்னிரண்டு மணி நேரத் தீவன நிறுத்தம் போதும். பால்குடிக் குட்டியைப் பட்டினி போடக் கூடாது, ஒரு வேளைப் பாலைத் தள்ளிவைத்தால் போதும். இல்லையென்றால் சர்க்கரை இறங்கிவிடும். கழுத்துக்கடியில் துணிச்சுருள் வைத்து வாய் தாழ்ந்திருக்கச் செய்தால் எச்சில் வெளியே வடியும்.

கைமீறும்போது

துடிப்பு 60க்குக் கீழே, நாடியும் மெலிந்திருக்கிறது என்றால் முதலில் கையை வயிற்றிலிருந்து எடுங்கள், பிராணவாயு கொடுங்கள், கன்றைப் பக்கவாட்டில் திருப்புங்கள். அடுத்து எல்லோர் கையும் துடிப்பைக் கூட்டும் அட்ரோபினுக்குப் போகும். இங்கே சற்று நிதானம் வேண்டும். முதல் கட்டத்தில், குழாய்கள் சுருங்கி அழுத்தம் ஏறியிருக்கும்போது துடிப்பு குறைவது உடம்பின் தற்காப்பு. அப்போது அட்ரோபின் போட்டால், இறுக்கி மூடிய குழாய்களை எதிர்த்து வேகமாகத் துடிக்கும்படி இதயத்தைச் சாட்டையால் அடிப்பதாகும். இரண்டாம் கட்டத்தில், அழுத்தமும் துடிப்பும் சேர்ந்து விழுந்தபின் போட்டால்தான் பொருள் உண்டு. அளவு கிலோவுக்கு 0.02 முதல் 0.04 மி.கி. மி.லி.க்கு 0.6 மி.கி. உள்ள மனித ஆம்பூலை ஒன்று உடைத்து 50 கிலோ கன்றுக்குப் போட்டால் கிலோவுக்கு 0.012 மி.கி.தான் ஆகும், வேலை செய்யவில்லை என்று மருந்தைக் குறை சொல்வதில் நியாயமில்லை. 0.04க்கு மூன்று ஆம்பூலுக்கு மேல் வேண்டும். போட்டபின் குடல் அசைவு இன்னும் மந்தமாகும் என்பதையும் எதிர்பார்க்க வேண்டும்.

காரணத்தையே அகற்றுவது முறிமருந்து. நம்மிடம் எளிதில் கிடைக்கும் யோகிம்பின், நாயில் காட்டும் வேகத்தை மாட்டில் காட்டாது, கிலோவுக்கு 0.125 முதல் 0.2 மி.கி. போட்டாலும் பாதி விழிப்போடு நின்றுவிடுவது உண்டு. டோலாசோலின் மாட்டில் நன்றாக வேலை செய்யும், 0.5 முதல் 1 மி.கி., ஆனால் சிரையில் வேகமாகத் தள்ளினால் அழுத்தம் சரிந்து, காப்பாற்றப் போட்ட ஊசியே கொல்லும். மூன்றில் சிறந்தது அட்டிபமசோல். 0.03 மி.கி. வீதம் 50 கிலோவுக்கு 1.5 மி.கி.; மி.லி.க்கு 5 மி.கி. குப்பியில் 0.3 மி.லி., தசையில். கூடவே கெட்டமின் போட்டிருந்தால் கடைசி கெட்டமினுக்குப் பின் அரை மணி போகட்டும். சைலசினை மட்டும் முறித்துவிட்டால் மிச்சமிருக்கும் கெட்டமினில் கன்று விறைத்து உதறும். முறித்ததும் வலிமரப்பும் போய்விடும் என்பதால் மெலாக்சிகாம் என்ற வலிநீக்கி கிலோவுக்கு 0.5 மி.கி. முன்கூட்டியே போட்டிருக்க வேண்டும். நீர் வற்றிய கன்றுக்கு மெலாக்சிகாமும் காத்திருக்கட்டும், சிறுநீரகம் பாவம்.

அழுத்தம் மட்டும் சரிந்து துடிப்பு சரியாக இருந்தால் ரிங்கர் லாக்டேட் கிலோவுக்கு 10 மி.லி. வேகமாக. அதற்கும் மசியாவிட்டால், இதயத் துடிப்புக்கு வலுவூட்டும் டோபுடமின்: 250 மி.கி. மருந்தை 500 மி.லி. உப்புநீரில் கலந்தால் மி.லி.க்கு 0.5 மி.கி.; மி.லி.க்கு 60 சொட்டு விழும் நுண்சொட்டுக் குழாயில் நிமிடத்துக்கு 12 சொட்டு என்றால் 50 கிலோ கன்றுக்கு நிமிடத்தில் கிலோவுக்கு 2 மைக்ரோகிராம். துடிப்பு திடீரென்று ஏறினால் சொட்டைக் குறைக்க வேண்டும். இதயம் நின்றேவிட்டால் வலப்பக்கமாகக் கிடத்தி நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம், மி.லி.க்கு 1 மி.கி. உள்ள ஆம்பூல் அட்ரினலினில் 50 கிலோவுக்கு அரை மி.லி. சிரையில்.

குப்பியைப் பற்றி இன்னும் கொஞ்சம். ஒரே ரப்பர் மூடியில் ஐம்பது முறை குத்த வேண்டியிருப்பதால் மெல்லிய ஊசியையே பயன்படுத்துங்கள். தடித்த ஊசி ரப்பரைத் துணுக்காக வெட்டி உள்ளே தள்ளும். திறந்த தேதியை லேபிளில் எழுதிவையுங்கள். தோலில் பட்டால் உடனே சோப்பு போட்டுக் கழுவ வேண்டும். கையில் தவறிக் குத்திக்கொண்டவர் வண்டி ஓட்டிக்கொண்டு மருத்துவமனைக்குப் போகக் கூடாது, யாராவது அழைத்துப் போக வேண்டும். மனிதருக்கும் இது துடிப்பையும் அழுத்தத்தையும் இறக்கித் தூக்கம் வரவைக்கும், மனிதருக்கென்று அங்கீகரித்த முறிமருந்து கிடையாது. குப்பியையும் கூடவே எடுத்துப்போய் மருத்துவரிடம் காட்டுங்கள்.